செயின் மாற்றிய தீபாவளி

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வித்தை தெரியும். பால்கனிக்குப் போய் எட்டிப் பார்க்காமலேயே, தெருமுனையில் திரும்புகிற வண்டி யாருடையது என்று சொல்லிவிடுவோம். காய்கறிக்காரரின் டெம்போ இருமும். மூன்றாம் மாடிக்காரரின் ஸ்கூட்டர் கியர் மாற்றும்போது விக்கும். எங்கள் கார் இவை எல்லாவற்றுக்கும் மேல். காலி பிஸ்கட் டின்னுக்குள் ஆணிகளைப் போட்டு யாரோ ஓயாமல் குலுக்குவதுபோலச் சளசளத்துக்கொண்டே வரும்.

எனக்கும் தம்பிக்கும் அது பெரிய வசதி. மராத்திக்காரர்கள் ஊரான நிக்டியில் எங்கள் காலனி கேட்டருகே அந்தச் சளசளப்பு கேட்டதும் டிவியை அணைத்துவிட்டு, சூடு தெரியாமலிருக்க அதன் முதுகை ஈரத்துணியால் துடைத்து, பாடப்புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிடுவோம். அப்பா செருப்பைக் கழற்றும்போது வீடு பரீட்சை ஹால் மாதிரி இருக்கும்.

ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கார் அது. லோஹேகாவில் இருந்த விமானப்படைக்காரர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது அப்பா அதை வாங்கினார். வெயிலில் நின்றிருந்தால் உள்ளே ரெக்சினும் பெட்ரோலும் கலந்த வாசனை அடிக்கும். முன் கதவில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதைச் சாய்த்து வைத்தால் காற்று நேராக முகத்தில் வந்து மோதும். அந்த இடத்துக்காக நானும் தம்பியும் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. அப்படியொரு கண்ணாடியை நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

அப்பாவுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. செய்து முடித்த எஞ்சின்களை மேடையில் பூட்டி ஓடவிட்டுப் பார்க்கும் ஷெட்டில் இருந்தார். ஒருமுறை கம்பெனியின் குடும்ப விழாவன்று அந்த ஷெட் கதவுவரை போயிருக்கிறேன். உள்ளே ஓடிய எஞ்சினின் ஊளை பல்லில் தெரிந்தது. அப்பா காதில் பஞ்சு வைத்திருந்தார். அவ்வளவுதான் அன்றைக்குப் பாதுகாப்பு.

வேலைக்குப் போக கம்பெனி பஸ் உண்டு. ஆனாலும் அப்பா தனியாகக் காரில்தான் போவார். “கார் வாங்குனதும் பெருமை வந்திருச்சு” என்று காலனியில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. பஸ்ஸில் நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து பேசுவார்கள், சிரிப்பார்கள், பதில் எதிர்பார்ப்பார்கள் என்பதெல்லாம் எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

வீட்டில் அப்பா பேசுவது குறைந்துகொண்டே வந்தது. அம்மா சமையலறையிலிருந்து ஏதாவது கேட்பாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் தலையைத் தூக்கமாட்டார். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள் அம்மா. இந்தி அரைகுறை, மராத்தி காய்கறிக் கடையோடு சரி. நாங்களோ பள்ளிக்கூடம் முடிந்து வந்தால் பாதி இந்தியில்தான் பேசுவோம். அம்மாவுக்கு மனசுவிட்டுத் தமிழில் பேச அந்த வீட்டில் இருந்த ஒரே பெரிய மனிதர் அப்பா. அவர் பதில் சொல்வதை நிறுத்தினால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

“செவுத்துக்கிட்டப் பேசுனாலும் எதிரொலியாவது வரும்” என்று ஒருநாள் சொன்னாள். அதற்கும் அப்பா பேப்பரைத் திருப்பினார். அந்த மழைக்காலத்தில் எப்போதோ அம்மாவும் பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டு வைக்கும் சத்தம், குழாய்ச் சத்தம், குக்கர் சத்தம். வீட்டில் அவ்வளவுதான்.

கணபதி பண்டிகை முடிந்து பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா மட்டும் வந்தாள். என் மார்க் பட்டியலைப் பார்த்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “தீபாவளி கழிச்சு ரெண்டு பேருக்கும் டீசி வாங்கோணும்னா யார்கிட்ட எழுதித் தரணும்னு கேளு கண்ணு” என்றாள். நான் டீச்சரிடம் இந்தியில் கேட்டேன். டீச்சர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஏன் என்று கேட்டார். அதைத் தமிழில் அம்மாவிடம் சொன்னேன். “ஊருக்குப் போறோம்னு சொல்லு” என்றாள். அதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்போதுதான் எனக்கே அந்த விஷயம் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது பரணில் இருந்த பெரிய பெட்டி கீழே இறங்கியிருந்தது. தம்பி அதற்குள் உட்கார்ந்து படகு ஓட்டிக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் காரின் சத்தம் அதிகமாகிவிட்டது. எதிர்வீட்டு மராத்திக்கார அத்தையைக் காக்கூ என்போம்; அவர் கணவருக்கு ராத்திரி ஷிஃப்ட். பகலில் தூங்குகிறவர். ஒருநாள் காக்கூ வாசலில் நின்று, “வஹினி, தும்ச்சி காடி ஃபார் ஆவாஜ் கரத்தே” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணி, உங்கள் வண்டி ரொம்பச் சத்தம் போடுகிறதே என்று. அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. என்னை அப்பாவிடம் அனுப்பினாள். நான் அப்பாவின் முன்னால் போய் நின்று சொன்னேன்.

“சத்தமா? எஞ்சின்னா சத்தம் வராம இருக்குமா கண்ணு? வண்டி நல்லாத்தான ஓடுது” என்றார் அப்பா.

நாற்சந்தியில் இருந்த கேரேஜ்காரர் பானெட்டைத் திறந்து, வால்வுகளைத் தட்டும் டேப்பெட்டைச் சரிசெய்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்றார். அப்பாவும் தலையை ஆட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம் ஆணி டின் குலுங்கிக்கொண்டே வந்தது. ஊருக்கே கேட்கிற சத்தத்தை இந்த மனுஷன் ஒப்புக்கொள்ள மாட்டேனென்கிறாரே, அவ்வளவு வறட்டுப் பிடிவாதமா என்று அம்மா நினைத்தாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் படித்திருப்பீர்கள்.

தீபாவளி லீவு தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, எல்லார் வாயையும் அடைப்பதற்காகவோ என்னவோ, அப்பா கட்டடத்துக்குக் கீழே பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டார். பக்கத்தில் தம்பியும் காலனிப் பிள்ளைகளும் அந்த ஊர் வழக்கப்படி செம்மண்ணும் கல்லும் குழைத்துத் தீபாவளிக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். அதன் நுனியை எஞ்சினில் ஓரிடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் உள்ளே நடப்பது கேட்கும். டாக்டர் குழாய் வைப்பதுபோல. டைனமோவில் வைத்தார். வாட்டர் பம்பில் வைத்தார். மேல் மூடியில் வைத்தார். முன்பக்கத் தகர மூடியில் வைத்தார். ஒவ்வொரு இடத்திலும் கண்ணை மூடிக் கேட்டார். “ஒண்ணுமில்லியே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அம்மா டீ கொண்டுவந்தாள். டம்ளரை மட்கார்டின் மேல் வைத்துவிட்டுப் போகத்தான் வந்திருப்பாள். என்ன தோன்றியதோ, கையை நீட்டினாள். “எங்க, அதக் குடுங்க.”

பல வாரங்களுக்குப் பிறகு அவரிடம் அவள் நேராகப் பேசியது அதுதான். “முந்தானயச் சொருகிக்க, ஃபேன் இழுத்துரும்” என்றார் அப்பா. அவள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, அவர் செய்ததுபோலவே ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டாள். முன்பக்க மூடியில் நுனியை வைத்ததும் தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஐயோ, இங்கதானுங்க! ஒரல்ல கல்லப் போட்டு ஆட்டற மாதிரி இருக்குது!”

அப்பா ஸ்க்ரூ டிரைவரை வாங்கி அதே இடத்தில் வைத்தார். கேட்டார். இன்னும் அழுத்திவைத்துக் கேட்டார். மெல்ல நிமிர்ந்தவர் அம்மாவைப் பார்க்கவில்லை. உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

கட்டடத்தின் கீழே திடீரென்று அமைதி. கோட்டை கட்டும் பிள்ளைகள்கூட ஏதோ யோசனையில் இருந்தார்கள். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி எஞ்சினின் மேல் குனிந்து நின்றார். அம்மா அவருக்குப் பின்னால், இரண்டடி தள்ளி நின்றாள்.

“ஏனுங்க” என்றாள்.

அவர் திரும்பவில்லை.

“ஏனுங்க” என்றாள் மறுபடியும், கொஞ்சம் பலமாக. தம்பி திரும்பிப் பார்த்தான். நான் பார்த்தேன். தள்ளி நின்றிருந்த வாட்ச்மேன்கூடப் பார்த்தார். அப்பா கரித்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு எதிரே நின்றாள். “எத்தன நாளா இப்படி இருக்குது?” என்று கேட்டாள்.

அப்பா சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு பேசினார். மெதுவாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சத்தமாகவே பேசினார். அதனால்தான் எனக்குக் கேட்டது.

“கொஞ்ச வருஷமா இருக்குது. கொரல் கேக்கும், வார்த்த புரியாது. எதுக்கால நின்னு பேசுனா சமாளிச்சுக்குவேன். கம்பெனில தெரிஞ்சா ஷெட்டுலிருந்து எடுத்துருவாங்கன்னு ஆருகிட்டயும் சொல்லல.” கரித்துணியை மடித்தார், பிரித்தார். “இப்ப ரெண்டு மூணு மாசமா உன்ற கொரலும் சுத்தமாக் கேக்கறதில்ல புள்ள. நீ பேசாம இருக்கறயா, எனக்குத்தான் காது முழுசாப் போயிருச்சான்னு தெரியல. உன்னக் கேக்கறதுக்குப் பயமா இருந்துச்சு.”

அம்மா முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அக்டோபர் வெயில் அப்படி அடித்துக்கொண்டிருந்தது.

“டீ ஆறுது, குடிங்க” என்றாள். அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, நன்றாக வாயைத் திறந்து சொன்னாள். அவர் குடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எங்கே தேட வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும். என்ன சத்தம் என்று அம்மாவுக்குக் கேட்கும். இரண்டு பேரும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்சநேரம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டார் அப்பா. “இப்ப?” என்று புருவத்தைத் தூக்கினார். “அப்படியேதான் இருக்குது!” என்று கத்தினாள் அம்மா. அப்படியென்றால் பம்பும் டைனமோவும் காரணமில்லை.

பிறகு எஞ்சினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சின்ன ரோட்டரை அம்மாவுக்குக் காட்டினார். “நான் முன்னால கம்பியப் போட்டுச் சுத்தறேன். இது எப்ப அசையுதுன்னு மட்டும் பாரு.” பழைய கார்களை முன்னால் கம்பி விட்டுச் சுற்றிக் கிளப்புவார்களே, அந்தக் கம்பியால் எஞ்சினைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். பிறகு கம்பியை எடுத்துவிட்டு, பெல்ட் ஓடும் சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டிப் பின்னால் இழுத்தார்.

“அசையல... அசையல... இப்ப அசையுது!”

“அவ்வளவு நேரங்கழிச்சா?”

“ஆமாங்க. நீங்க நல்லா இழுத்த பொறகுதான் இது எந்திரிக்குது.”

அப்பா முகத்தில் வெளிச்சம் வந்தது. “டைமிங் செயின்” என்றார். எஞ்சினின் முன்பக்க மூடிக்குள் இரண்டு பல்சக்கரங்களைச் சுற்றி, சைக்கிள் செயின்போல ஒரு செயின் ஓடும். கீழே சுற்றுவதற்குத் தகுந்தபடி மேலே வால்வுகள் எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதையெல்லாம் நடத்துவது அதுதான். தேய்ந்து நீண்டுபோனால் மூடியில் அடித்துக்கொள்ளும். ஒரு பல் தாண்டிவிட்டால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். இதையெல்லாம் அப்பா அம்மாவுக்கு எதிரில் நின்று விவரமாகச் சொன்னார். அம்மா தலையை ஆட்டிக் கேட்டாள். அவர்கள் அப்படி நின்று பேசி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் உதிரிபாகக் கடைகள் இருக்கும் நானா பேட்டுக்குப் போய்ப் புதுச் செயினும் பல்சக்கரங்களும் வாங்கிவந்தார்கள். இரண்டு பேருமே போனார்கள், பஸ்ஸில். அதற்கடுத்த நாள் ரேடியேட்டர் தண்ணீர் சாக்கடையில் ஓடியது. ரேடியேட்டர் சுவரோரம் சாய்ந்தது. எஞ்சினின் மூக்கில் இருந்த பெரிய நட்டு மட்டும் அசையவே மாட்டேனென்றது. வண்டியை டாப் கியரில் போட்டு, அம்மாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, “பிரேக்க அமுக்கு!” என்றார் அப்பா. அவள் இரண்டு காலாலும் மிதித்தாள். ஸ்பேனரில் குழாயை மாட்டி அவர் தொங்க, நட்டு ‘டொக்’ என்று விட்டுக்கொடுத்தது.

மூடியைத் திறந்தபோது உள்பக்கத்தில் செயின் உரசி உரசி வெள்ளிக்கோடு போட்டிருந்தது. அப்பா பழைய செயினைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தார். வாடிய மாலைபோலத் தொங்கியது. புதியதைப் பிடித்தால் விறைத்து நின்றது. மண்ணெண்ணெய்த் தட்டில் கழுவிவைத்த பழைய செயினைத் தம்பி தூக்கிக்கொண்டு போய்க் கோட்டை வாசலுக்குக் காவல் சங்கிலி ஆக்கிவிட்டான்.

இந்த நாட்களில் அம்மா பேசியதெல்லாம் கத்தல்தான். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டிருப்பார், இவள் வெளியே நின்று, “அது இல்லீங்க! கீழ! கீழங்கறேன்!” என்பாள். அவரும் அதே சத்தத்தில் பதில் சொல்வார். காலனிக்குத் தமிழ் புரியாது. தொனி மட்டும்தான் கேட்கும். காக்கூ பயந்துபோய், ஊரின் மறுகோடியில் விஷ்ராந்த்வாடியில் இருந்த எங்கள் மாமாவுக்கு, அம்மாவின் அண்ணனுக்கு, போன் போட்டுவிட்டார். ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று அம்மா ஏற்கெனவே மாமாவிடம் அழுதிருந்தாள். அதனால் அவர் போட்டது போட்டபடி ஓடிவந்தார். கையில் மட்டும் எப்படியோ ஒரு ஸ்வீட் பெட்டி.

வந்தவர் கண்டது, கையில் ஸ்பேனருடன் அப்பா, முகமெல்லாம் கிரீசுடன் அம்மா.

“மாப்ள, எதுன்னாலும் உக்காந்து பேசிக்கலாம். என்ற தங்கச்சி கொஞ்சம் வெடுக்குன்னு பேசுவா. அதுக்காக...” என்று ஆரம்பித்தார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கண்ணால் கேட்டார்.

“சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. செயின் மாத்தறோம். உள்ள போய் உக்காருங்க, வந்து காப்பி வெக்கறேன்” என்றாள் அம்மா.

காது விஷயத்தை அவள் தன் அண்ணனிடமும் சொல்லவில்லை. அப்பா தானாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். மாமா கடைசிவரைக்கும் குடும்ப விசேஷங்களில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். “என்ற தங்கச்சி மிரட்டுனா மாப்ள ஸ்பேனரத் தூக்கிட்டு ஓடுவாரு” என்று. எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள்.

நரக சதுர்த்தசிக்கு முந்தைய நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி முடித்தார்கள். இரண்டு பல்சக்கரங்களிலும் இருந்த புள்ளிகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று அப்பா பார்த்தார். அம்மாவையும் பார்க்கச் சொன்னார். பிறகுதான் மூடியை வைத்தார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். சாவியைத் திருப்பிக் கிளப்பிவிட்டு இறங்கி வந்தவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். கண்ணைத் திறந்து, “இல்லீங்க” என்று தலையை ஆட்டினாள்.

அப்பாவின் தோள் இறங்கிப்போனது. குனிந்து ஸ்பேனரை எடுத்தார்.

அம்மா ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “ஐயோ, சத்தம் இல்லீங்கறேன்! சத்தம்! இல்ல!” சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அவருக்கும் வந்தது. கிரீஸ் கையோடு இரண்டு பேரும் அப்படி நின்று சிரித்ததைக் காலனியே பால்கனியிலிருந்து பார்த்தது. எங்களுக்குத்தான் நஷ்டம். அந்த வாரமே டிவி ஓடிக்கொண்டிருந்தபோது சத்தமில்லாமல் வந்து நின்றார் அப்பா.

டீசி வாங்க யாரும் போகவில்லை. பெட்டியில் குளிர்காலக் கம்பளிகளை வைத்து அம்மா பரணுக்கே ஏற்றிவிட்டாள். லீவு முடிந்ததும் அப்பாவைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். போன காது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் அவர். அப்பா கம்பெனியில் சொன்னார். பயந்தபடியே ஷெட்டிலிருந்து எடுத்து உதிரிபாகக் கிடங்கில் போட்டார்கள். கொஞ்சநாள் முகம் செத்துத்தான் இருந்தது. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் ஒன்று வாங்கினார். அது விசில் அடிக்கும். கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

ஆனால் ஒரு பிரச்சினை இருந்தது. காரில் போகும்போது அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து பேசினால் அவருக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தால்தான் புரியும். முகத்தைப் பார்த்தால் ரோடு போய்விடும். ஒருதரம் தள்ளுவண்டி ஒன்றில் இடிக்கப் பார்த்தார். அடுத்த மாதம் அம்மா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். புடவையில், ரப்பர் செருப்போடு.

அதன் பிறகு அந்தக் காரை அம்மாதான் ஓட்டினாள். அப்பா இடப்பக்கம் உட்காருவார். நேராக உட்காரமாட்டார். முதுகைக் கதவில் சாய்த்து, முழுசாக அம்மா பக்கம் திரும்பி, கண்ணிமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு வருவார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். பெண்டாட்டி ஓட்டுகிறாள் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் பார் என்பார்கள் காலனியில். பின்சீட்டில் எனக்கும் தம்பிக்கும் வெட்கமாக இருக்கும். எங்கள் அப்பா இவ்வளவு பயந்தாங்கொள்ளியா என்று.

மாமா வீட்டுக்கு முதல்முதலாக அப்படிப் போனது நினைவிருக்கிறது. போசரி தாண்டி ஆளந்தி ரோட்டில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ரோட்டைப் பார்த்தபடியே பேசிக்கொண்டுவந்தாள். காக்கூவின் பெண்ணை யாரோ பார்த்துவிட்டுப் போனது, தம்பி பெட்டிக்குள் படகு ஓட்டியது, ஊரில் கிணறு வற்றி ஆழப்படுத்தியது, தான் ஒருநாள் பஸ்ஸில் ஏறி வேறு எங்கோ போய் இறங்கி அழுதது. எல்லாம் பழைய செய்திகள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து அவள் சொன்னவை, பிறகு சொல்லாமலே விட்டவை. அவர் இப்போதுதான் முதல்தடவையாகக் கேட்கிறார். அவள் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம், அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்பறம்?” என்றார் அப்பா.